கிளட்ச் பிடிபடும் நாள்

மோட்டார் சைக்கிள் மீதான ஆசை, சாவி கைக்கு வருவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் அது தொடங்கும் இடம் பெரும்பாலும் பெட்ரோல் டேங்க். அப்பாவுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே டேங்க் மேல் உட்காரவைக்கப்படும் இரண்டு வயதுக் குழந்தைக்கு எஞ்சினின் அதிர்வு தொடை வழியாக ஏறுகிறது. காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. வளைவில் அப்பா சாய்ந்தால் அதுவும் சேர்ந்து சாய்கிறது. காரின் பின் சீட்டில் வளரும் குழந்தைக்குச் சாலை என்பது கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சி. டேங்க் மேல் வளர்ந்த குழந்தைக்கு அது உடம்பில் பட்ட விஷயம். ஹாரனை அமுக்கவும் அனுமதி கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பாதுகாப்புக் கணக்கில் இது நல்ல பழக்கமே அல்ல. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி 15 முதல் மத்திய விதியே இருக்கிறது. தெருவில் அந்தப் பட்டையைப் பார்த்தவர்கள் குறைவு.

பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கய்வா, 1958-ல் வெளியான தமது நூலில் மனிதர்களின் விளையாட்டுகளை நான்கு வகையாகப் பிரித்தார்: போட்டி, அதிர்ஷ்டம், வேடம் கட்டுவது, கிறுகிறுப்பு. ஊஞ்சலும் ராட்டினமும் நான்காவது வகை. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பைக் கொஞ்ச நேரம் குழப்பிவிட்டு, அந்தக் குழப்பத்தில் சுகம் காண்பதுதான் அதன் சாரம். பைக் சவாரியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: ராட்டினத்தைச் சுற்றுபவர் வேறொருவர். பைக்கில் கிறுகிறுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் ஓட்டுபவரின் வலது மணிக்கட்டு.

தெருமுனைச் சத்தம்

டேங்கில் உட்காரும் வயது தாண்டியதும் ஆசை காதுக்கு மாறுகிறது. வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே இன்னாருடைய வண்டி, இன்ன வண்டி என்று சொல்லிவிடும் பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. எந்தத் தலைமுறை எந்த வண்டிக்குப் பைத்தியமானது என்பதைப் பெரும்பாலும் அந்தக் காலத்துத் தெருச் சத்தமே தீர்மானித்திருக்கிறது.

புல்லட் அதில் மூத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் தேவைப்பட்டதுதான் காரணம். திருவொற்றியூர் ஆலையில் முதலில் இறக்குமதியான பாகங்களைப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் கடையைக் கட்டிய பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. அந்தப் பழைய புல்லட்டின் ஒற்றை சிலிண்டருக்கு 70 மில்லிமீட்டர் விட்டம். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நீளமான ஓட்டம், கனமான ஃபிளைவீல். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உள்ளே வெடிக்கும். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 850 சுற்று ஓடினால் வினாடிக்கு ஏழு அடி. காது அதைத் தனித்தனி அடியாகக் கேட்கிறது. அதுதான் அந்த ‘டப்... டப்... டப்’. ஊரில் புல்லட் வைத்திருந்தவர்கள் சப் இன்ஸ்பெக்டர், பண்ணையார், மில் முதலாளி மகன் என்று இருந்ததால், அந்தச் சத்தத்தோடு அதிகாரமும் ஒட்டிக்கொண்டது.

யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்கு நேர் எதிர். 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் முழுத் திறனை எட்டும்போது வினாடிக்கு 125 வெடிப்புகள். அவற்றைக் காதால் எண்ண முடியாது, ஒரே சுருதியாகத்தான் கேட்கும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. உள்ளிருந்து திரும்பும் அழுத்த அலை, எரியாமல் நழுவப் பார்க்கும் பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அலையும் பிஸ்டனும் ஒத்துப்போகும் வேகத்தில் வண்டி திடீரென்று துள்ளும். முதல் முறை ஓட்டியவர்கள் பயந்ததும் மயங்கியதும் அந்தத் துள்ளலில்தான். 1985-ல் வந்து, புகை விதிகள் இறுகிய 1996-ல் நின்றுபோன வண்டி அது. அது நின்ற பிறகு பிறந்தவர்கள்கூட இன்றைக்கு அதைத் தேடி அலைகிறார்கள்.

இவற்றுக்கு நடுவே மைசூரில் தயாரான ஜாவாவும் யெஸ்டியும் இருந்தன. கிக்கரும் கியரும் ஒரே லீவர். உதைத்து ஸ்டார்ட் செய்த லீவரையே முன்பக்கம் மடக்கிவிட்டுக் கியர் போட வேண்டும். தெரியாதவனால் வண்டியை நகர்த்தவே முடியாது. அதுவே யெஸ்டிக்காரர்களின் கர்வம்.

காதல் கதைகளில் இடம் பிடிக்காத ஒரு வண்டியும் உண்டு. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் பால் கேன் கட்டலாம், வைக்கோல் ஏற்றலாம். கிளட்ச் லீவர் கிடையாது. கிராமத்தில் எத்தனையோ பேருக்கு எஞ்சின் வைத்த முதல் வண்டி அதுதான். புல்லட்டைப் பற்றி உருகுபவர்களில் பலர் உண்மையில் வண்டி பழகியது இதில். இதைச் சொல்லிக்கொள்வதில் ஏனோ அவர்களுக்குக் கூச்சம்.

முதல் பத்து மீட்டர்

வண்டி பழகுவதற்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் தேடிப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பள்ளி மைதானம், தண்ணீர் வற்றிய ஏரி, ஆள் குடியேறாத புது லேஅவுட் ஆகியவைதான் வகுப்பறை. சித்தப்பாவோ தாய்மாமனோ கூட்டாளியின் அண்ணனோதான் வாத்தியார். சமநிலை ஏற்கெனவே வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்த காலத்திலேயே வந்திருக்கும். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“கிளட்ச்ச டக்குனு விடாதடா, மெதுவா விடு. கொஞ்சமா முறுக்கு... ஏய், கொஞ்சமான்னேன்!”

வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். மறுபடி நியூட்ரல், மறுபடி கிக்கர். உள்ளே நடப்பது இதுதான்: ஆயிலில் ஊறிய வட்டத் தகடுகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பாதி எஞ்சினோடு சுற்றுபவை, பாதி சக்கரத்தோடு இணைந்தவை. இடது கை லீவரைப் பிடித்தால் அவை விலகும், விட்டால் ஸ்பிரிங் அழுத்தி ஒட்டும். இரண்டுக்கும் நடுவில், தகடுகள் வழுக்கிக்கொண்டே மெல்லப் பிடிக்கத் தொடங்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ‘ஹாஃப் கிளட்ச்’ என்கிறார்கள். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எந்தச் சித்தப்பாவாலும் வாயால் சொல்லித்தர முடியாது. அது வண்டிக்கு வண்டி மாறும், கேபிள் தளர்ந்தால் மாறும். இருபது முறை எஞ்சின் நின்ற பிறகு, எப்போது என்று தெரியாமலேயே விரல்களுக்கு அது தெரிந்துவிடுகிறது. வண்டி உதறாமல் நகர்கிறது. பத்து மீட்டர்தான் இருக்கும். ஆனால் பைக் பித்துக்கொண்டவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்கள் கதை பெரும்பாலும் வேகத்திலிருந்து அல்ல, இந்தப் பத்து மீட்டரிலிருந்துதான் தொடங்கும்.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், உடல் திறமை எதுவும் மூன்று படிகளில் வருகிறது என்று 1967-ல் எழுதினார்கள். முதலில் யோசித்து யோசித்துச் செய்வது. பிறகு தவறுகள் குறைவது. கடைசியில் யோசிக்காமலே நடப்பது. மூன்றாம் படிக்குப் போன பின் அந்த அறிவு பேச்சுக்கு எட்டாத இடத்தில் போய்த் தங்கிவிடுகிறது. அதனால்தான் நன்றாக ஓட்டுபவர் பெரும்பாலும் மோசமான வாத்தியார்.

பேச்சுக்கு எட்டாத இந்த அறிவுக்கு மிகச் சிறந்த சான்று திரும்பும் முறை. நல்ல வேகத்தில் போகும் பைக்கை இடப்பக்கம் திருப்ப, ஹேண்டில்பாரை முதலில் ஒரு நூலளவு வலப்பக்கம் அசைக்க வேண்டும். சக்கரம் வலப்பக்கம் நகர, உடம்பும் வண்டியும் இடப்பக்கம் சாய்கின்றன. சாய்ந்த பிறகே இடப்பக்கத் திருப்பம். இதை ஒவ்வொரு ஓட்டுநரும் நாள்தோறும் செய்கிறார், செய்வதாகச் சொன்னால் நம்ப மறுக்கிறார். சைக்கிள் கடை வைத்திருந்து, பிறகு தம்பியோடு சேர்ந்து விமானம் செய்த வில்பர் ரைட் இதைக் கவனித்திருந்தார். எப்படித் திரும்புகிறாய் என்று பல சைக்கிள்காரர்களைக் கேட்டும், முழுமையாகச் சரியான பதில் யாரிடமிருந்தும் உடனே வரவில்லை என்று அவர் பதிவுசெய்திருக்கிறார்.

சாய்வுக்கும் கணக்கு உண்டு. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 23 டிகிரி சாய வேண்டும். ஓட்டுபவர் ஒல்லியோ பருமனோ, கோணம் மாறாது. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பக்கவாட்டு விசை நான்கு மடங்காகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலைக்கு வார இறுதியில் பைக்குகள் படையெடுப்பது இந்தச் சாய்வுக்காகத்தான். மலை உச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பிடிவாதம் பிடிக்கும் வண்டிகள்

எந்த வண்டி அதிக வேலை வாங்கியதோ, அதற்கே அதிக காதலர்கள் கிடைத்தார்கள். பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, எதிர்ப்பு வரும் இடத்தில் சிலிண்டர் அழுத்தத்தைத் தணிக்கும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். ஸ்பார்க்கைத் தூண்டும் பிளாட்டினம் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை ஒட்டி நிற்கிறது என்பதற்கு அந்த முள்தான் அடையாளம். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் முழு எடையோடு ஒரே உதை. சடங்கில் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும்; கணுக்கால் வீங்கியவர்கள் பலர். இது கோளாறு நிறைந்த ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. சடங்கே இல்லாமல் கிளம்பும் வண்டி எல்லா விதத்திலும் மேலானது. ஆனால் அந்த வண்டியை வெல்ல வேண்டிய தேவையே யாருக்கும் வந்ததில்லை.

1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 அப்படிப்பட்டதுதான். நான்கு ஸ்ட்ரோக், சிக்கனம், பழுதே வராது. அரசு ஊழியர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் அதைக் கொண்டாடினார்கள். நாட்டையே ஓட்டிய வண்டி என்று சொல்லலாம். ஆனால் சிடி 100 மீது யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை.

பழுதாகும் வண்டிகளால் ஒரு துணை விளைவும் ஏற்பட்டது: மெக்கானிக் ஷெட். தகரக் கூரை, தரையில் ஆயில் கறை, பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கும் நாலு பேர். வேலை முடியும்வரை காத்திருக்கும் பையன், ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கவும், டூ ஸ்ட்ரோக் சைலன்சரில் படிந்த கரியை நெருப்பில் காட்டித் தட்டி எடுக்கவும், கார்புரேட்டர் ஜெட்டை ஊதிப் பார்க்கவும் கற்றுக்கொண்டான். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் பழக்கத்துக்கு நம்பிக்கை மட்டும் காரணமில்லை. வருஷத்தில் ஒரு நாளாவது வண்டியை நட்டு நட்டாகத் தொட்டுத் துடைக்கும் வாய்ப்பு அது.

பந்தயத்தால் பைக் பித்துக்கு வந்தவர்களும் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. ஜனம் கட்டுச்சோற்றோடு போய் வேடிக்கை பார்த்தது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நிரந்தரத் தடம் வந்தது. சினிமா இன்னும் அகலமான வாசல். வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ 2007 தீபாவளிக்கு வந்தபோது, ஒரு பல்சர் பைக்கைச் சுற்றியே முழுக் கதையும் ஓடியது. வேலை இல்லாத பையனுக்கு வண்டி வந்ததும் நடையே மாறுவதும், அது திருடு போனதும் அவன் உலகமே குலைவதும் அன்றைய மாதத் தவணைத் தலைமுறைக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்கள்.

பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு

இதுவரை சொன்னதில் டேங்க், மைதானம், ஷெட் எல்லாமே ஆண்பிள்ளைகளின் இடங்கள். பெண்பிள்ளையும் சின்ன வயதில் டேங்க் மேல் உட்கார்ந்தவள்தான். பத்து வயதில் அவள் பின் சீட்டுக்கு, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காரும் நிலைக்கு, நகர்த்தப்பட்டாள். தம்பிக்கு மைதானத்தில் கிளட்ச் பழக்கிய அதே சித்தப்பா இவளைக் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்குச் சீராகப் பைக் கொடுத்த வீடுகளில், அதற்குப் பணம் கட்டிய பெண்ணின் குடும்பத்தில் அதை ஓட்டத் தெரிந்த பெண் இல்லை.

இதை மாற்றியது பைக் அல்ல, கியர் இல்லாத ஸ்கூட்டர். 1990-களில் ஓசூரிலிருந்தே வந்த ஸ்கூட்டி, தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் பெண்கள் தனியாகப் போய்வரும் தூரத்தை நீட்டியது. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. ஸ்கூட்டரில் கைவந்த துணிச்சல் பிறகு சிலரைக் கியர் வண்டிக்கு இழுத்தது. பெண் பைக்கர்களுக்கான ‘பைக்கர்னி’ அமைப்பு 2011-ல் புனேயில் தொடங்கியது. சென்னையின் அலிஷா அப்துல்லா, பைக் பந்தய வீரரான தந்தையின் வழியில் தடத்துக்கு வந்தவர். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் நடத்தும் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். பெண்களின் கதையில் முதல் காதல் சற்றுத் தாமதமாக, இருபதுகளிலோ முப்பதுகளிலோ வருகிறது. அதில் வண்டியைவிட, யாரையும் கேட்காமல் கிளம்ப முடிவதற்கே பங்கு அதிகம்.

மூளைக்குள் நடப்பது

ஓட்டும்போது மனம் இலேசாகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் யுசிஎல்ஏ ஆய்வாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட அனுபவசாலி ஓட்டுநர்களிடம் இதை அளந்து பார்த்தார்கள். இருபது நிமிட சவாரியில் இதயத் துடிப்பு 11 சதவீதமும் அட்ரினலின் 27 சதவீதமும் கூடின. மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவீடு 28 சதவீதம் குறைந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம் என்பதையும், ஆராயப்பட்டவர்கள் ஏற்கெனவே பைக்கை விரும்புகிறவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயின் விளக்கம் இன்னும் பொருத்தமாக இருக்கிறது. மலையேறுபவர்கள், சதுரங்கக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் எனப் பலரிடம் பேசி 1975-ல் அவர் எழுதியது இது: வேலையின் கடினமும் செய்பவரின் திறமையும் சரிசமமாக இருக்கும்போது மனம் அதிலேயே கரைந்துவிடுகிறது, நேரம் தெரிவதில்லை. கடினம் மிஞ்சினால் பயம், திறமை மிஞ்சினால் சலிப்பு. கிளட்ச் பழகும் பையன் பயத்திலிருந்து இந்த நடுப்பகுதிக்குள் நுழைகிறான். சில வருஷத்தில் சலிப்பு வருகிறது. அதைப் போக்க ஒருவர் மலைச் சாலையைத் தேடிப் போகிறார், இன்னொருவர் வேகத்தைக் கூட்டுகிறார். ஆபத்து இரண்டாமவருக்கு அதிகம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். ஹெல்மெட் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு சொல்கிறது. ஹெல்மெட்டின் வரலாற்றிலேயே ஒரு பைக் காதலர் இருக்கிறார். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ், பிரஃப் சுப்பீரியர் பைக்குகளை ஒன்றன் பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தவர். 1935 மே மாதம் அவற்றில் ஒன்றிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, சில நாளில் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ், அதன் பிறகு ராணுவ பைக் ஓட்டுநர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதற்கு அவர் பணி முக்கியக் காரணம்.

சட்டப்படி கியர் வண்டிக்கு 18 வயது ஆக வேண்டும். ஆசை பதினான்கிலேயே முற்றிவிடுகிறது. இந்த நான்கு வருஷ இடைவெளியில்தான் அப்பா தூங்கும் நேரத்தில் வண்டி தெருமுனைவரை சத்தமில்லாமல் தள்ளிச் செல்லப்படுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. பதினெட்டு முடிந்து, எல்எல்ஆர் வாங்கி, ஆர்டிஓ மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டுவது பலருக்கு வெறும் சம்பிரதாயம். வண்டி எப்போதோ கைவந்திருக்கும்.

அடுத்த தலைமுறைக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியிலும் இப்போது மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அவற்றில் கிளட்ச் இல்லை, கியர் இல்லை, டேங்க் இல்லை, எஞ்சின் நின்றுபோகும் அவமானமும் இல்லை. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையையும் தருவதால் துள்ளல் மட்டும் ஆர்எக்ஸுக்குச் சளைத்ததல்ல. சில மாடல்களில் பழைய எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிடும் வசதி இருக்கிறது. அதை விரும்பிக் கேட்பவர்கள் அந்தச் சத்தத்தை முன்பே தெருவில் கேட்டு வளர்ந்தவர்கள். கேட்காமல் வளரும் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது சாய்வும் காற்றும் மணிக்கட்டும். கய்வாவின் நான்காவது வகைக்கு அவை போதும்.